பருவுக்கு லைட் வைக்கப் போகிறீர்களா? நம் நிறத்துக்கும் மலைநாட்டு வெயிலுக்கும் ஏற்ற வழிமுறை

“பருவுக்கு லைட் வைக்கிறோம்” என்று ஒரு கிளினிக் சொன்னால், அந்தப் பேச்சுக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு சிகிச்சைகள் அடங்கியிருக்கும். ஒன்றில் வலியே தெரியாது. இன்னொன்று இரண்டு நாள் வீட்டுக்குள் உட்கார வைத்துவிடும். மற்றொன்றை நம் நிறத்துத் தோலில் தவறான அளவில் அடித்தால், பரு போன இடத்தில் அதைவிடப் பெரிய கறுப்பு அடையாளம் தங்கிவிடும். அதனால் காசு கட்டுமுன் முதலில் கேட்க வேண்டியது: எந்த லைட், எத்தனை நனோமீற்றர் (ஒளியின் அலைநீளத்தைச் சொல்லும் அளவு)? விலையைப் பிறகு கேட்கலாம்.

எந்த லைட் என்ன செய்யும்

பருவுக்குள் இருக்கும் கியூட்டிபக்டீரியம் அக்னெஸ் என்ற பக்டீரியா, பொர்ஃபிரின் என்ற பொருளைத் தானாகவே உண்டாக்கிச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. 415 நனோமீற்றரை ஒட்டிய நீல ஒளி பட்டால், அந்தப் பொர்ஃபிரின் பக்கத்திலுள்ள ஒட்சிசனைத் தூண்டிவிட, பக்டீரியா தன் சொந்தச் சரக்காலேயே சாகிறது. நீல ஒளி தோலில் ஆழமாக இறங்காது. 630 முதல் 660 வரையிலான சிவப்பு ஒளி இன்னும் ஆழமாகப் போய் வீக்கத்தையும் சிவப்பையும் தணிக்கும். பெரும்பாலான கிளினிக்குகளின் எல்.ஈ.டி. பலகைகளும் கடைகளில் விற்கும் முகமூடிகளும் இந்த இரண்டையும்தான் தருகின்றன.

இதிலிருந்தே யாருக்குப் பலன் கிடைக்கும் என்பது விளங்கும். சிவந்து, தொட்டால் நோகும் சின்னப் பருவும் சீழ்ப் பருவும் குறையும். மூக்கில் நிற்கும் பிளக்ஹெட்ஸ், நெற்றியில் மணல் மாதிரி இருக்கும் வைட்ஹெட்ஸ் ஆகியவற்றில் பெரிய மாற்றம் வராது; அங்கே அடைப்புத்தான் பிரச்சினை, அதற்கு அடாபலீன் போன்ற கிறீம் வேண்டும். தாடைக்குக் கீழே உருண்டையாக, ஆழமாக, மாதக்கணக்கில் கிடக்கும் கட்டிப் பருவையும் எல்.ஈ.டி. அசைக்காது. அப்படியான பருவுக்குத் தழும்பு விழுமுன் தோல் வைத்தியரிடம் போய்விடுங்கள்.

இரண்டாவது வகை, மருந்து பூசி ஒளி வைப்பது. அமினோலெவுலினிக் அமிலம் என்ற மருந்தையோ அதன் உறவான இன்னொன்றையோ முகத்தில் பூசி, அரை மணித்தியாலம் முதல் மூன்று மணித்தியாலம் வரை ஊறவிட்டு, அதன்மேல் ஒளியைக் காட்டுவார்கள். மருந்து எண்ணெய்ச் சுரப்பிக்குள் சேர்வதால் வேலை பலமாக நடக்கும்; எரிச்சல், சிவப்பு, உரிதல் எல்லாமும் அதே அளவுக்குப் பலமாக வரும்.

மூன்றாவது ஐ.பி.எல். என்ற பளிச் பளிச்சென அடிக்கும் வெள்ளை ஒளி. இது பல அலைநீளங்களின் கலவை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் அதை உறிஞ்சிச் சூடாகும். வெள்ளைத் தோலுக்கு எழுதிய அளவைக் கறுத்த தோலில் அடித்தால் கொப்புளமும் பெட்டி பெட்டியான கறுப்பும்தான் மிஞ்சும். மாநிறத்தைவிடக் கறுத்தவர்கள் பருவுக்காக ஐ.பி.எல். எடுக்காமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். விலை குறைத்துக் கொடுக்கிறார்கள் என்பதற்காக ஒத்துக்கொள்ள வேண்டாம்.

நான்காவது லேசர். 1726 நனோமீற்றர் லேசர்கள் புதியவை. அமெரிக்காவில் 2022இல் அனுமதி பெற்றன. அந்த அலைநீளத்தை மெலனினைவிட எண்ணெய்ச் சுரப்பியிலுள்ள கொழுப்பே அதிகம் உறிஞ்சுவதால், கறுத்த தோலுக்கும் பொருந்தும். “லேசர்” என்று மட்டும் சொன்னால் அது இந்த லேசர்தான் என்று நினைத்துவிடாதீர்கள். எத்தனை நனோமீற்றர் என்று கேளுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். வைத்தியசாலைத் தோல் பிரிவுகளில் சொரியாசிஸுக்கும் வெண்படைக்கும் ஆளை நிற்க வைக்கும் ஒளிப் பெட்டி, 311 நனோமீற்றரை ஒட்டிய புற ஊதா ஒளி. பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் காமாலைக்கு வைக்கும் நீல லைட் 460 முதல் 490 வரை. இரண்டும் பருவுக்கானவை இல்லை. நகப்பூச்சு காயவைக்கும் லைட்டும் நீலமாகத் தெரியும். அதில் வருவது பெரும்பாலும் புற ஊதாதான். அதற்கு முன்னால் முகத்தை வைப்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். செய்யாதீர்கள்.

ஒளிச் சிகிச்சைக்கான ஆதாரம் எவ்வளவு உறுதி? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2016 மீளாய்வு, ஏற்கெனவே நடந்த பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, தரமான ஆதாரம் போதாது என்றே சொன்னது. ஆகவே ஒளியைக் கிறீமுக்குத் துணையாக எடுங்கள். அதையே முழுச் சிகிச்சையாக நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம்.

முதலில் இலவசமாகக் கிடைப்பதைப் பாருங்கள்

கண்டி தேசிய வைத்தியசாலை, நுவரெலியா, பதுளை போன்ற பெரிய அரச வைத்தியசாலைகளில் தோல் கிளினிக் நடக்கிறது. தோட்ட டிஸ்பென்சரியிலோ பக்கத்து வைத்தியசாலை ஓ.பி.டி.யிலோ துண்டு வாங்கிக்கொண்டு போகலாம். பென்சொயில் பெரொக்சைட் 2.5 அல்லது 5 சதவீதம், அடாபலீன் 0.1 சதவீதம், தேவைப்பட்டால் டொக்சிசைக்ளின் குளிசை: இவற்றை ஒழுங்காக 8 முதல் 12 வாரம் பாவித்தாலே நிறையப் பேருக்கு லைட்டே தேவைப்படாது. அடாபலீனை முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவுக்கு மேல் பூச வேண்டாம். பென்சொயில் பெரொக்சைட் பட்ட தலையணை உறை வெளுத்துப்போகும், பழைய துணியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பரு எங்கே வருகிறது என்பதையும் கவனியுங்கள். கொழுந்துக் கூடைக் கயிறு அழுத்தும் நெற்றி ஓரத்தில் மட்டும், அல்லது ஹெல்மட் வார் படும் தாடையில் மட்டும் வருகிறதென்றால், உராய்வும் வியர்வையும்தான் காரணம். கயிற்றுக்குக் கீழே துவைத்த பருத்தித் துணி வைத்து, அதைத் தினமும் மாற்றுங்கள். தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் நெற்றிக்கு இறங்கினாலும் அங்கே பரு கூடும். மாதவிடாய் ஒழுங்கில்லாமல், தாடையில் உரோமமும் பருவும் சேர்ந்து வருகிற பெண்களுக்கு ஹோர்மோன் பரிசோதனை முதலில் வேண்டும். ஒரே அளவில், அரிப்போடு, நெற்றியிலும் முதுகிலும் பொரிந்திருந்தால் அது பூஞ்சணமாகவும் இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு.

எல்லாவற்றையும்விட முக்கியமாக எச்சரிக்கையாக இருக்க வேண்டியது, பெயர் ஒட்டாத டப்பாவில் வரும் வெள்ளையாக்கும் கிறீம். இவற்றில் ஸ்டீரொய்ட்டோ பாதரசமோ இருப்பது புதிய செய்தி இல்லை. ஸ்டீரொய்ட் கிறீமை மாதக்கணக்கில் பூசியவர் நிறுத்தினால், சில நாட்களில் முகம் சிவந்து பரு குபுகுபுவென்று கிளம்பும். அதே வாரத்தில் லைட் எடுக்கத் தொடங்கினால் பழி லைட்டின் மேல் விழும், உண்மைக் காரணம் மறைந்துவிடும். அந்த டப்பாவைக் கையோடு எடுத்துப்போய் வைத்தியரிடம் காட்டி, அதை விடும் முறையைக் கேட்டு, முகம் அடங்கிய பிறகு லைட்டைப் பற்றிப் பேசுங்கள்.

போகுமுன் சொல்ல வேண்டியவை

குடிக்கும் மருந்துகளின் அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்; பெயரை ஞாபகம் வைத்திருக்க வேண்டிய அவசியமில்லை. டொக்சிசைக்ளின், கடும் பருவுக்குக் கொடுக்கும் ஐசொட்ரெட்டினொயின், பிரஷருக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைட் ஆகியவை தோல் ஒளியைத் தாங்கும் சக்தியைக் குறைப்பவை. ஐசொட்ரெட்டினொயினை நிறுத்தி ஆறு மாதம் ஆகாவிட்டாலும் சொல்லுங்கள். லூபஸ், பொர்ஃபிரியா, வலிப்பு, விழித்திரை நோய், கர்ப்பம், உதட்டில் அடிக்கடி வரும் ஹேர்பிஸ் கொப்புளம், தடித்து வளரும் கெலொய்ட் தழும்பு போடும் உடம்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள். “டொக்டர், நான் பருவுக்கு இந்தக் குளிசை குடிக்கிறேன், லைட் வைக்கலாமா?” என்ற ஒரு கேள்வி பல கொப்புளங்களைத் தவிர்க்கும். ஆனால் லைட்டுக்காக எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சம்மதப் படிவம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ மட்டும் இருந்தால், தமிழில் விளக்கிச் சொல்லும் ஒருவர் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஐ.பி.எல்., லேசர், மருந்து பூசும் முறை ஆகியவற்றுக்கு அடாபலீனை மூன்று முதல் ஐந்து இரவு முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். எல்.ஈ.டி.க்கு முகம் புண்பட்டிருந்தால் மட்டும் நிறுத்தினால் போதும். திரெடிங், வக்ஸிங், ஃபேஷியல் எதையும் அந்த வாரம் செய்ய வேண்டாம். ஆண்கள் முதல் நாள் இரவே ஷேவ் செய்துகொள்ளுங்கள்.

மஞ்சள் பூசிக் குளிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இரண்டு நாள் விட்டுவிடுங்கள். மஞ்சளிலுள்ள குர்குமின் உறிஞ்சுவதே 425 நனோமீற்றரை ஒட்டிய நீல ஒளியைத்தான். மஞ்சள் படிந்த முகத்தில் நீல லைட் வைத்தால், ஒளியின் ஒரு பங்கை மஞ்சளே தின்றுவிடும். திருநீறு, பொட்டு, பவுடர், சன்ஸ்கிறீன் எல்லாவற்றையும் சாதாரண முகம் கழுவும் திரவத்தால் கழுவி, துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு படுங்கள்.

சோதனைப் புள்ளி கேட்பதை மறக்காதீர்கள். காதுக்குக் கீழே தாடை ஓரத்தில் ஒரு சிறு இடத்தில் அடித்துப் பார்ப்பது இது. ஐ.பி.எல்., லேசர் இரண்டுக்கும் குறைந்தது ஒன்றிரண்டு வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். சிவப்பு மறுநாளே தெரியும். நம் தோலில் கறுப்பு நிதானமாகத்தான் வரும். “இப்போதே சோதித்து இப்போதே முழு முகமும் அடிக்கலாம்” என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

படுத்திருக்கும்போது என்ன நடக்கும்

எல்.ஈ.டி. என்றால் கண்ணை மூடும் கண்ணாடியைப் போட்டு, பலகையை முகத்துக்கு மேலே கொண்டுவருவார்கள். கண்ணாடி தளர்வாக இருந்து மூக்கோரம் ஒளி நுழைந்தால், “மிஸ், வெளிச்சம் உள்ளே வருது” என்று உடனே சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டால் போதும் என்று நினைக்க வேண்டாம்; இமை நீல ஒளியை முழுதாக மறைக்காது. எடுத்தவர்கள் பொதுவாகச் சொல்வது இளஞ்சூடு, லேசான கூச்சம், முடிந்ததும் தோல் இழுத்துப் பிடிப்பது, அவ்வளவுதான். சூடு சுள்ளென்று ஏறினால் அது சாதாரணம் அல்ல, நிறுத்தச் சொல்லுங்கள்.

மருந்து பூசிய முறையில் கதை வேறு. ஒளி வைத்த முதல் சில நிமிடங்களில் மிளகாய் பட்ட மாதிரி எரியும். விசிறி, குளிர்ந்த காற்று, தேவைப்பட்டால் இடையில் நிறுத்துவது என்று வழிகள் உண்டு. அன்றிரவு முகம் சிவந்து வீங்கும், மூன்றாம் நான்காம் நாளில் உரியும். இடையில் சின்னச் சீழ்ப் பருக்கள் ஒரே நேரத்தில் கிளம்புவதும் உண்டு. பயந்து கிள்ளியவர்களுக்குத்தான் கறுப்பு நிற்கிறது.

ஐ.பி.எல். அடிக்கும்போது றப்பர் பட்டியால் சுண்டுவது போலிருக்கும். அடித்த இடம் சாம்பல் நிறமாகவோ வெள்ளையாகவோ மாறினால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் குளிர்ந்த நீர்த்துணி வையுங்கள். ஐஸ் கட்டியை நேரடியாக வைக்காதீர்கள், பற்பசையும் வேண்டாம்.

வீட்டுக்குத் திரும்பும் வழி

மலைநாட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். பனியும் குளிரும் இருப்பதால் வெயில் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிகம். மெல்லிய மேகத்தையும் மூடுபனியையும் அது பெருமளவு கடந்து வரும். குளிரால் தோலுக்கு உறைப்பது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சன்ஸ்கிறீன் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாக ஒவ்வொரு கோடு பிதுக்கி, அதை முழுவதுமாக முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள். அதில் பாதி பூசினால் பாதுகாப்பு பாதியைவிடவும் குறையலாம். மலையில் கொழுந்து பறிப்பவர்கள் தண்ணீருக்கு ஈடுகொடுக்கும் வகையை எடுத்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வியர்வையைத் துடைத்துவிட்டுப் பூசுங்கள். நிறம் கலந்த சன்ஸ்கிறீன் கிடைத்தால் அதையே எடுங்கள்: அதிலுள்ள இரும்பு ஒட்சைட் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும். கறுத்த தோலில் அந்த ஒளியும் கறுப்பை உண்டாக்கக்கூடியது. சொல்லப்போனால் 415 நனோமீற்றர் நீல ஒளியே சிலருக்கு முகத்தைக் கொஞ்சம் கறுக்க வைக்கும். சிவப்பு ஒளியில் இந்தத் தொல்லை காணப்படவில்லை. நீலம் எடுக்கத் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் முகம் முழுவதும் ஒரே சீராக நிறம் இறங்கினால், சிவப்புக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

மருந்து பூசிய முறை எடுத்தவர்கள் 48 மணித்தியாலம் வெயிலுக்கும் பலமான வெளிச்சத்துக்கும் முகத்தைக் காட்டக்கூடாது. சாதாரண சன்ஸ்கிறீன் இதற்குப் போதாது; தோலில் மிச்சமிருக்கும் மருந்தைக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே தூண்டிவிடும். கண்டியில் மத்தியானம் எடுத்துவிட்டு, ஹட்டன் பஸ்ஸில் வெயில் பக்கத்து ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வந்தால், சிகிச்சை வழி நெடுகத் தொடர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னேரத்தில் நேரம் கேட்டு, இருட்டிய பிறகு பயணம் செய்யுங்கள். கண்டியில் சொந்தக்காரர் வீடு இருந்தால் இரண்டு இரவு அங்கேயே தங்குவது இன்னும் நல்லது. வீட்டில் ஜன்னலுக்குத் திரை போடுங்கள். கூரையில் வெளிச்சத்துக்கு ஒளி புகும் தகடு போட்டிருந்தால் அதன் கீழே உட்காராதீர்கள். திருவிழாவோ கல்யாணமோ அந்த வாரத்தில் இருந்தால் நாளை மாற்றுங்கள்.

முகத்தை வெதுவெதுப்பான நீரில் கழுவி, மணமில்லாத ஈரப்பத கிறீம் பூசுங்கள். உதிரும் தோலை உரிக்காதீர்கள்.

வாரம் இரண்டு முறை: முடியுமா என்று முதலே கணக்குப் பாருங்கள்

கிளினிக்கில் எல்.ஈ.டி. வழக்கமாக வாரம் இரண்டு முறை, ஒவ்வொன்றும் 20 நிமிடம் அளவில், நான்கு வாரம்: மொத்தம் எட்டு. தோட்டத்திலிருந்து போகிறவருக்கு எட்டு நாள் சம்பளமும் பஸ் காசும் போகும். நாலு தடவை போய்விட்டு நிறுத்துவதைவிட ஆரம்பிக்காமல் இருப்பது மேல், அந்தக் காசு கிறீமுக்கு ஆகும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்த விடுமுறையிலும், கல்யாணத்துக்கு ஆயத்தமாகிறவர்களுக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பும் தொடங்குவது சரி.

வீட்டு முகமூடி வாங்க நினைப்பவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். பெட்டியில் ஒரு சதுர சென்டிமீற்றருக்கு இத்தனை மில்லிவாட் என்று போட்டிருக்கும். அதை நிமிடத்தால் பெருக்கி, பிறகு 0.06ஆல் பெருக்கினால் ஒரு சதுர சென்டிமீற்றர் தோலுக்குக் கிடைக்கும் ஒளிச் சக்தி ஜூல் கணக்கில் வரும். கிளினிக் நீலப் பலகை 40 மில்லிவாட், 20 நிமிடம்: 48 ஜூல். 10 மில்லிவாட் முகமூடியை 10 நிமிடம் போட்டால் 6 ஜூல்தான். அதனால்தான் வீட்டு முகமூடியை ஏறக்குறைய தினமும் போடச் சொல்கிறார்கள். மில்லிவாட்டும் நனோமீற்றரும் எழுதாமல் “ஏழு நிறம்” என்று மட்டும் எழுதியிருக்கும் மலிவுப் பெட்டியில் இந்தக் கணக்கையே போட முடியாது, அதை வைத்துவிட்டு வாருங்கள். கண் பகுதி மறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிரபலமான ஒரு முகமூடியே கண்ணுக்கு ஆபத்து வரலாம் என்ற கவலையால் 2019இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. சார்ஜ் குறைந்த முகமூடி மங்கலாக எரிந்தால் அளவும் குறையும். கரண்ட் வெட்டு நாட்களில் முதலே சார்ஜ் பண்ணி வையுங்கள். விட்டுப்போன நாளுக்காக மறுநாள் இரட்டிப்பு நேரம் போட வேண்டாம்.

பலன் வருகிறதா என்று எப்படி அறிவது

கண்ணாடியை நம்பாதீர்கள், அது நேற்றைய முகத்தைக் காட்டாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே ஜன்னல், அதே நேரம், ஃப்ளாஷ் இல்லாமல், நேராகவும் இரு பக்கமும் மூன்று படம் எடுங்கள். ஒரு கன்னத்தில் சிவந்த பருக்களை மட்டும் எண்ணி எழுதுங்கள். கறுப்பு அடையாளத்தைப் பருவோடு சேர்த்து எண்ணாதீர்கள்: அது பரு ஆறிய பிறகும் பல மாதம் நிற்கும், அதைப் பார்த்தே நிறையப் பேர் “லைட் வேலை செய்யவில்லை” என்று முடிவு கட்டுகிறார்கள். எட்டுத் தடவை முடிந்து நான்கு வாரம் கழித்தும் எண்ணிக்கை குறையவில்லையென்றால், இன்னொரு எட்டுக்குக் காசு கட்டாமல் வைத்தியரிடம் வேறு வழி கேளுங்கள். குறைந்தாலும் சில மாதத்தில் பரு திரும்புவது சகஜம். எண்ணெய்ச் சுரப்பி அப்படியேதான் இருக்கிறது. அடாபலீனை விடாமல் பூசி வருகிறவர்களுக்கு அது தாமதமாகத் திரும்பும்.

கொப்புளம், கண் வலி, பார்வை மங்கல், காய்ச்சலோடு முக வீக்கம் என்று எது வந்தாலும் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

காசை ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகக் கட்டுங்கள். “பத்துக்குக் காசு கட்டினால் இரண்டு இலவசம்” என்பதில் இரண்டாம் தடவையே முகம் பொரிந்தால் மீதிக் காசு திரும்பி வருவது கஷ்டம். பற்றுச்சீட்டு கட்டாயம் வாங்குங்கள். தகராறு வந்தால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்தில் முறையிட அதுதான் உதவும். ஒவ்வொரு தடவையும் மெஷினின் பெயர், நனோமீற்றர், ஜூல், நிமிடம், தேதி ஐந்தையும் கிளினிக் அட்டையில் எழுதச் சொல்லி, அதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.